இருநூறு பக்க நோட்டு

இல்ல அண்ணாச்சி, சீக்காளி அவ இல்ல. நாந்தான். டோக்கன் பதினேழு, ஆதிலிங்கம். இந்தா சீட்டப் பாருங்க, பேரு போட்டிருக்குல்லா? டோக்கன் என் பேருல, உள்ள கூட்டிட்டுப் போயிருக்கது என் வீட்டுக்காரிய. இது எந்த ஊரு நியாயம்னு கேட்டேன். ரிசப்ஷன்ல இருக்க அந்தப் பிள்ள "உக்காருங்க சார், உக்காருங்க சார்"ங்கா. உக்காந்தா ஆச்சா? முப்பத்தேழு நாளு காத்துக்கெடந்து வாங்குன டோக்கன்.

கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, பை இருக்கு. வேண்டாம் வேண்டாம், நானே மடியில வச்சுக்கிடுதேன். தப்பா நெனைக்காதிய, இதுக்குள்ள ஒரு நோட்டு இருக்கு, அதான். நீங்க யாருக்காவ வந்திருக்கிய? அம்மாவுக்கா? ஸ்கேனுக்கு உள்ள போயிருக்காவளா? சரி சரி. கையில பேக்கு பெருசா இருக்கே, மருந்துக் கம்பெனி ஆளோன்னு பாத்தேன். அந்த ஆளுவ டோக்கன் இல்லாம நொழைஞ்சிருவானுவ. காலையில இருந்து ரெண்டு பேரு நொழைஞ்சாச்சு. நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்.

எண்ணுறது எனக்குப் பழக்கம். கவர்மெண்டு பஸ்ஸுல கண்டக்டரா பதினோரு வருஷம், செக்கிங் இன்ஸ்பெக்டரா இருவது வருஷம். நாங்க பஸ்ஸுல ஏறுன உடனே டிக்கெட்டக் கேக்க மாட்டோம். மொதல்ல தலைய எண்ணுவோம். பொறவுதான் டிக்கெட்டு. ரெண்டும் ஒத்துப்போவணும். ஒத்துப்போவலன்னா எவனோ மறைக்கான்னு அர்த்தம். யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பிய? டிக்கெட் எடுத்தவன் சட்டைப்பையத் தடவுவான், மடியத் தடவுவான், பேமுழி முழிப்பான். அவன விட்டுரணும். எடுக்காதவன் சன்னலோரத்துல அமைதியாத் தூங்குவான். அமைதியா இருக்க ஆளத்தான் மொதல்ல எழுப்பணும். செக்கிங்ல அதான் அரிச்சுவடி.

இந்த ஹால்ல இப்ப நாப்பத்தோரு தல இருக்கு. டோக்கன் குடுத்தது இருவத்தாறு. மிச்சம் கூட வந்தவியன்னு சொல்லுவாவ. நான் நம்ப மாட்டேன்.

என் கதையச் சொல்லுதேன், கேளுங்க. நீங்களும் சும்மாதான இருக்கிய.

ஆடி மாசம் எங்கூர்ல அம்மன் கோயில் கொடை. ஆறுமுகநேரிப் பக்கம் எங்களுக்கு. மறுநா கெடாக்கறி. நல்லாத்தான் சாப்பிட்டேன், இல்லன்னு சொல்லல. அதுக்கு மறுநா ஆரம்பிச்சது. நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், வயிறு பானை மாதிரி உப்புசம். ரெண்டு நாளு கடமுடான்னு போவும், மூணு நாளு போவவே போவாது. எங்கூரு டாக்டரம்மாட்டப் போனேன். ரெண்டு அமுக்கு அமுக்கிட்டு, "வாயுதான், பயப்படாதிய. எதுக்கும் திருநவேலில வயித்து டாக்டரு ஒருத்தரு இருக்காரு, ஒரு தடவ காட்டிருங்க"ன்னு லெட்டரு எழுதிக் குடுத்தாவ.

எதுக்கும்னா எதுக்கு? அதச் சொல்லல. லெட்டரப் பசை போட்டு ஒட்டி வேற குடுத்தாவ. வெறும் வாயுவுக்கு எதுக்கு ஒட்டணும்? வீட்டுக்கு வந்து இட்லிக் கொப்பரை ஆவியில காட்டிப் பிரிச்சேன். நாலே நாலு வரி. அதுல ரெண்டு வரி என் பேரும் வயசும். சாதாரண வியாதின்னா வெவரமா எழுதியிருக்க மாட்டாவளா? எழுத என்ன இருக்குன்னு விட்டுட்டாவளோன்னு எனக்குப் பட்டுது.

இங்க போன் போட்டா, முப்பத்தேழு நாளு கழிச்சு வாங்கன்னு இந்தப் பிள்ளதான் சொல்லுச்சு. நான் ரெண்டு விதமா யோசிச்சேன். ஒண்ணு, எனக்கு ஒண்ணுமில்ல, அதனால அவசரமில்ல. இல்லன்னா, அவசரப்பட்டு இனி ஆவப்போறது ஒண்ணுமில்ல. மொத விதமா இருந்தா லெட்டர எதுக்கு ஒட்டணும்? சொல்லுங்க பாப்போம்.

எங்கப்பா அம்பத்தெட்டு வயசுல வயிறு வீங்கித்தான் போனாவ. எனக்கு அறுவத்திரெண்டு. பயந்தேன் அண்ணாச்சி. சொல்லதுக்கு என்ன வெக்கம், பயந்துதான் போனேன். சாவு பயம் ஒரு பக்கம். நம்மட்டச் சொல்லாமலே நம்மள அனுப்பி வச்சிருவாவளோங்குற பயம் அத விடப் பெருசு. போன்ல வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். குடல்ல கட்டி இருக்கதுக்கு ஏழு அறிகுறின்னு ஒருத்தன் சொல்லுதான். எனக்கு அதுல அஞ்சரை இருந்துச்சு. அரை என்னன்னு கேக்கியளா? ஏழாவது, எடை கொறையுதுங்கான். எனக்கு ஏறித்தான் இருக்கு. ஆனா அது நீர்க்கட்டா இருக்கலாம்லா, அதனால அரை போட்டுக்கிட்டேன்.

போன்ல அந்தப் பிள்ள இன்னொண்ணும் சொல்லுச்சு. "அதுவரைக்கும் என்ன சாப்பிடுதிய, வயிறு என்ன செய்யுதுன்னு டெய்லி எழுதிட்டு வாங்க சார், டாக்டர் பாப்பாரு." எழுதுறது நமக்குப் புதுசா? இருநூறு பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, ஸ்கேல் வச்சு கோடு போட்டேன். நாளு, நேரம், சாப்பாடு, அளவு, வயித்து நெலம. பத்து நாளு ஒழுங்கா எழுதுனேன். அதுக்குள்ளயே வீட்டுக்குள்ள என்னமோ நடக்குன்னு எனக்குத் தட்டுப்பட்டுது.

என் வீட்டுக்காரி பேரு தங்கபுஷ்பம். முப்பத்தஞ்சு வருஷமா நான் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு சொல்லுவா. குழம்புல உப்பு கூடன்னா, "டிப்போ கேண்டீன்ல போய்ச் சாப்பிடுங்க"ம்பா. அப்படிப்பட்ட பொம்பள, திடீர்னு எதுத்துப் பேசத நிறுத்திட்டா. காப்பி ஆறிப்போச்சுங்கேன், சரிங்கா. டி.வி.ய அமத்துங்கேன், சரிங்கா. சோத்துல கல்லு கெடக்குன்னு சும்மா சொல்லிப் பாத்தேன். அதுக்கும் சரிங்கா! நல்லா இருக்க மனுசன் கூட எந்தப் பொண்டாட்டி இப்படிச் சரி சரின்னு போவா? சாவப்போறவன்ட்டதான் சண்ட போட மாட்டாவ.

அடுத்தது போனு. எங்களுக்கு ஒரே மவ, சுயம்புக்கனி. திருப்பூர்ல கெட்டிக் குடுத்திருக்கு. முன்னால வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவா. இப்ப தெனம். அதுவும் அவ ஆத்தா போனுக்கு. இவ போன எடுத்துக்கிட்டு வேப்பமரத்தடிக்குப் போயிருவா. ஒரு நாளு சத்தங்காட்டாம மோட்டார் ரூமுக்குப் பின்னால போய் நின்னு கேட்டேன். "அப்பாவ மொதல்ல டாக்டரு பாக்கட்டும்ளா. பொறவு சொல்லிக்கிடுவோம். இப்ப சொன்னா தாங்க மாட்டாவ"ங்கா.

பாத்தியளா? மறைக்காவ. ஆத்தாளும் மவளும் கூட்டு.

நான் அப்பவே கேக்கல. செக்கிங்ல அவசரப்படக் கூடாது. சாட்சி வேணும். வீட்டச் சோதன போட்டேன். பத்தாம் நாளு அரிசி டப்பாவுக்குள்ள கைய விட்டேன், ஒரு பொட்டலம் மாட்டுச்சு. பழுப்பு நெறத்துல பொடி. என் கொழுந்தியா ஏரல்ல இருக்கா, அங்க ஒரு நாட்டு வைத்தியர்ட்ட வாங்கிக் குடுத்திருக்கா. "யாருக்குளா இது?"ன்னு கேட்டேன். பொட்டலத்தையே பாத்தா. "எனக்குத் தெரியாம என் சோத்துல கலக்குதியா?"ன்னேன். "ஐயோ, அப்படியெல்லாம் இல்லங்க, அது சும்மா வயித்துக்கு"ங்கா. யாரு வயித்துக்கு? வீட்டுல வயித்து வலிக்காரன் ஒருத்தன்தான இருக்கேன்! அவ கண்ணு முன்னாலயே பொட்டலத்தப் பிரிச்சு சாக்கடையில கொட்டுனேன். தண்ணியோட போறதப் பாத்துக்கிட்டு நின்னா. ஊமை ஊரக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாவ?

அன்னிக்குத்தான் சட்டம் போட்டேன். எங்க வீட்டுல நான் சாப்பிட்டு எந்திச்ச பொறவு அவ அடுக்களைக்குள்ள தனியா சாப்பிடுவா. யாரும் சொல்லி வச்சதில்ல, அப்படியே வந்துட்டு. இனிமே அது கெடையாதுன்னேன். எனக்கு முன்னால உக்காரணும். அதே சட்டியில எடுத்து, நான் பாக்க நீ மொதல்ல சாப்பிடணும். கா மணி நேரம் கழிச்சு நான் சாப்பிடுவேன்.

சிரிக்காதிய. என் உயிரு அண்ணாச்சி.

நோட்டுலயும் கோட்ட மாத்திப் போட்டேன். ப.1, ப.2. பயணி ஒண்ணு நான், பயணி ரெண்டு அவ. பேரு எழுதுனா நாளைக்கு எடுத்துப் படிச்சிருவால்லா. பதினோராம் நாளுல இருந்து ரெண்டு கட்டமும் நேரா நேரா எழுதியிருக்கேன். இந்தா காட்டுதேன். பக்கத்தப் புரட்டாதிய, நானே காட்டுதேன்.

மொத நாளே எனக்குச் சந்தேகம் தட்டிட்டு. "நாள் பதினொண்ணு, காலை, இட்லி. ப.1 நாலு. ப.2 ஒண்ணரை. தண்ணி ரெண்டு செம்பு." ஒண்ணரை இட்லிக்கு ரெண்டு செம்பு தண்ணி யாராவது குடிப்பாவளா? ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி. உள்ள தள்ளுதா. சாப்பாட்டுல என்னமோ இருக்கு, அது அவளுக்குத் தெரியும், அதான் எறங்க மாட்டேங்குன்னு நான் நெனச்சேன்.

"நாள் பதினாலு, மத்தியானம், சோறு, சொதி. ப.2 மூணு வாய். நெஞ்சத் தடவுனா. ஏன்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னா." பதினாறு, தோசை, அரை. "மெல்லுதா, மெல்லுதா, முழுங்கல. சந்தேகம்." அடியில செவப்பு மையில கோடு போட்டிருக்கேன் பாருங்க. இருவத்திரெண்டு, கஞ்சி. சோத்தக் கரைச்சு வடிகட்டிக் குடிக்கா. நான் என்ன பச்சப்புள்ளையா? கெட்டியா இருக்கத எனக்கு வச்சுட்டு, தெளிவ அவ குடிச்சா என்ன அர்த்தம்? மருந்து அடியிலதான படியும்?

பதினெட்டாம் நாளு இன்னொரு கூத்து. ராத்திரிக்கு அரைச்சு வச்ச மாவ அவ கோயிலுக்குப் போன நேரமாப் பாத்து சல்லடையில ஊத்தி அரிச்சேன். பொடி கிடி இருக்கான்னு பாக்கத்தான். என்ன கெடந்துச்சு தெரியுமா? அவ வளையலு! கல்யாணத்துக்குப் போட்ட வளையலு அண்ணாச்சி, பிரசவத்தப்பக் கூட சோப்பு போட்டுத்தான் கழட்டுனாவ, அவ்வளவு இறுக்கம். அது மாவுக்குள்ள கெடக்கு, இவளுக்கு விழுந்ததே தெரியல. கவனமெல்லாம் எங்க இருந்தா இப்படி ஆவும்? நல்லா ஏசுனேன். "வளையலு கெடக்கது கூடத் தெரியாம அப்படி என்னளா யோசன?"ன்னு கேட்டேன். கழுவி மறுபடியும் போட்டா. முழங்கை வரைக்கும் ஏத்தி விட்டுக்கிட்டா.

என்ன, ஒரு மாதிரி பாக்கிய? இருங்க, இன்னும் சொல்லல.

இருவத்தாறாம் நாளு நான் கண்டிப்பா இருந்தேன். புளிக்குழம்பு, அவரைக்காப் பொரியலு. தட்டுல நெறைய நானே போட்டேன். "முழுசும் சாப்பிட்டாத்தான் நான் கைய வைப்பேன்"னேன். என் மூஞ்சியப் பாத்தா. நீங்க பசியா இருக்கியளேன்னா. சாப்பிடுன்னேன். சாப்பிட்டா. கண்ணுல தண்ணி வடியுது, சாப்பிடுதா. பாதியில எந்திச்சு புறவாசலுக்கு ஓடுனா. அத்தனையும் வாந்தி. நான் ஓடிப்போய்ப் பாக்கதுக்குள்ள ரெண்டு வாளி தண்ணிய ஊத்திக் கழுவிட்டா. நோட்டுல என்ன எழுதுனேன் தெரியுமா? இந்தா. "தடயம் அழிப்பு."

அதோட வீட்டுச் சாப்பாட்ட விட்டேன். பஸ் ஸ்டாண்டுக் கடையில இட்லி. மூணே நாளுல எனக்கு ஏப்பம் நின்னுட்டு, வயிறு லேசாயிட்டு. வேற சாட்சி என்ன வேணும்? அவ "கடையில கண்ட எண்ணெய ஊத்துவானுவ, பாத்துச் சாப்பிடுங்க"ன்னு மட்டும் சொன்னா. எனக்குச் சமைக்க வேண்டியதில்லன்னு ஆன பொறவு அடுப்பு பத்த வச்ச மாதிரியே தெரியல. அதையும் எழுதியிருக்கேன். ஆனாலும் எதுக்க உக்காரச் சொல்லுவேன். சட்டம் சட்டம்தான்.

நேத்து மத்தியானம் ரெண்டு மடக்கு மோரு. அவ்வளவுதான். ராத்திரி ஒண்ணுமில்ல. காலையில பஸ்ஸுல வரும்போது சன்னலோரமா தலையச் சாய்ச்சுக் கண்ண மூடிக்கிட்டா. தட்டி எழுப்பலாமான்னு பாத்தேன். பொறவு எதுக்குன்னு விட்டுட்டேன்.

இப்ப உள்ள நடந்ததச் சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. டோக்கன் பதினேழுன்னு கூப்பிட்டாவ. நான் மட்டும் உள்ள போனேன். அவள வெளிய, அந்தத் தண்ணி மிஷினு பக்கத்துல நிக்கச் சொல்லிட்டேன். சின்ன வயசு டாக்டரு, கண்ணாடி போட்டிருக்காரு. லெட்டரப் படிச்சாரு, வயித்த அமுக்குனாரு, நாக்க நீட்டச் சொன்னாரு. நோட்டக் குடுத்தேன். படிக்க மாட்டாருன்னுதான் நான் நெனச்சேன். பொறுமையா ஒவ்வொரு பக்கமாப் படிக்காரு. "சார், உங்களுக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. பயந்து பயந்தே வயித்தக் கெடுத்துருக்கீங்க. மாத்தர எழுதுறேன்"னாரு. மூஞ்சிக்கு நேரா யாருதான் உண்மையச் சொல்லுவா?

எந்திக்கப் போனேன். நோட்டத் திருப்பித் தரல. மறுபடியும் பதினோராம் நாளுக்குப் போறாரு. வெரல வச்சுப் படிக்காரு. வெரலு என் கட்டத்துல இல்ல அண்ணாச்சி, அந்தப் பக்கத்துக் கட்டத்துல போவுது. ஒரு பக்கம், அடுத்த பக்கம், அடுத்த பக்கம். தோசைக்கு அடியில நான் போட்ட செவப்புக் கோட்டுல வெரலு நின்னுட்டு. "இந்த ப.2 யாரு?"ன்னாரு. "என் வீட்டுக்காரி சார், அவ மேல எனக்கு ஒரு சந்தேகம்"னேன். "எனக்கும்தான்"னாரு. எனக்கு ஒரே சந்தோசம். படிச்ச மனுசன், கண்டுபிடிச்சிட்டாருன்னு நெனச்சேன். "அவங்க வந்திருக்காங்களா?"ன்னாரு. வெளிய நிக்கான்னேன். பெல்ல அடிக்கல, ஆள அனுப்பல. தானே எந்திச்சு வந்து கதவத் தொறந்து, "அம்மா, உள்ள வாங்க"ன்னு கூப்பிட்டாரு.

அவ என்னத்தான் பாத்தா. வரட்டுமான்னு கேக்க மாதிரி.

"எப்பம்மா கடைசியாச் சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டாரு. அவ பதில் சொல்லதுக்கு முன்னால நான், நோட்டுலயே இருக்கு சார்ன்னேன். பாத்தாரு. "வெறும் வயிறுதான், அப்ப இன்னைக்கே பாத்துரலாம். வாய் வழியா ஒரு டியூப் விட்டுப் பாக்கணும். நீங்க வெளிய இருங்க சார்"ன்னுட்டாரு. என்னைய வெளிய! டோக்கன் என்னுது!

நான் ஒரு கணக்குப் போட்டேன். டியூபாவது ஒண்ணாவது, அதெல்லாம் சாக்கு. எனக்கு என்னன்னு அவட்டத் தனியாச் சொல்லணும். அதுக்குத்தான் உள்ள கூட்டிட்டுப் போயிருக்காவ. என் முன்னால ஒண்ணுமில்லன்னு சொன்னாச்சு, அப்ப உண்மைய யார்ட்டச் சொல்லுவாவ? பொண்டாட்டிட்டத்தான சொல்லணும்? இப்ப உள்ள உக்கார வச்சுச் சொல்லிக்கிட்டு இருப்பாவ. அவ அழுதுட்டு மூஞ்சியக் கழுவிட்டு வெளிய வருவா. ஒண்ணுமில்லங்கம்பா. நான் பாத்த உடனே கண்டுபிடிச்சிருவேன்.

என்ன அண்ணாச்சி, என்ன கேக்கிய?

கையெழுத்தா? ஆமா, ஒரு பேப்பர்ல வாங்குனாவ. தங்கபுஷ்பம், வயசு அம்பத்தேழுன்னுதான் இருந்துச்சு. ஆமா, அவ பேருதான். ... சாக்குக்குச் செய்யதுன்னாலும் பேப்பரு வேணும்லா.

என்னைய வெளிய அனுப்பதுக்கு முன்னால நகையக் கழட்டிக் குடுத்தாவ. இந்தா, சட்டைப்பையில இருக்கு. கம்மலு, மூக்குத்தி, இந்த வளையலு ரெண்டு. நர்ஸம்மா சோப்பு எடுத்துட்டு வந்தாவ. வேண்டாம்னு சொல்லிட்டு அவ கையத் தொங்க விட்டா. தானா விழுந்துச்சு. நர்ஸம்மா கையில ரெண்டும் டங்குன்னு விழுந்துச்சு.

ஏழாவது அறிகுறி, எடை கொறையும்னான் அந்த வீடியோக்காரன். நான் எனக்கு அரை போட்டுக்கிட்டேன்.

இருங்க. இத ஒரு தடவ படிக்கேன். என் கையெழுத்துதான், கண்ணாடி எங்க... இட்லி ஒண்ணரை. சோறு மூணு வாய். நெஞ்சத் தடவுனா. தோசை அரை. முழுங்கல. கஞ்சி. வடிகட்டுன கஞ்சி. வாந்தி. மோரு ரெண்டு மடக்கு. இது வெஷம் வச்சவ கணக்கு இல்லியே அண்ணாச்சி. வெஷம் வச்சவ இப்படியா கொறைஞ்சு கொறைஞ்சு போவா?

அந்தப் பொடி அவளுக்கு. வயித்துக்குன்னு சொன்னாள்லா. சொன்னா. நாந்தான் யாரு வயித்துக்குன்னு கேட்டேன். கேட்டுட்டு நானே பதிலும் சொன்னேன். சாக்கடையில கொட்டுனேன். பாத்துக்கிட்டு நின்னா அண்ணாச்சி. எனக்கு வலிக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா... எங்க சொல்ல விட்டேன்? எனக்கு ஏப்பம் வந்தா ஊரக் கூட்டுதவன், அவ எங்க சொல்லுவா? "இப்ப சொன்னா தாங்க மாட்டாவ"ன்னு மவட்டச் சொன்னது என்னையப் பத்தித்தான். என் வியாதியப் பத்தி இல்ல. என்னையப் பத்தி. நான் டாக்டரப் பாத்து முடிக்கட்டும்னு முப்பத்தேழு நாளு பொறுத்திருக்கா.

தட்டு நெறைய நானே போட்டேனே. கண்ணுல தண்ணி வடிய வடியத் தின்னாளே, பாவி மவ.

இல்ல, ஒண்ணும் இருக்காது. இருக்காதுல்லா? உங்க அம்மாவுக்கு இந்த டியூபு விட்டுருக்காவளா? வலிக்குமா? எவ்வளவு நேரம் ஆவும்? அவ உள்ள போய் நாப்பது நிமிசம் ஆச்சு, நான் மணி பாத்து வச்சிருக்கேன். நீங்க சொல்லுங்க, சின்னப் புண்ணா இருந்தாலும் இப்படித்தான எறங்காம இருக்கும்? புண்ணுதான். மாத்தரயில சரியாயிரும். நீங்க ஏன் தலையாட்டாம இருக்கிய?

கதவு தொறக்கு. அந்த நர்ஸம்மா.

என்னம்மா? தங்கபுஷ்பம் கூட வந்தவியளா? ... நாந்தாம்மா. ஆமா, நான் அவ கூட வந்தவன்தான். எப்படி இருக்கா? மயக்கத்துலயா? பேசலாமா? ... சரிம்மா, டாக்டரு பாக்கணும்னாரா? வாரேன். இந்தா வாரேன்.

எழுதிக்கிடணுமா? கேளுங்க. எத்தன நாளா சாப்பாடு எறங்கலன்னு தெரியணுமா? இருக்குதும்மா, எல்லாம் இருக்கு. நாள், நேரம், அளவு, ஒண்ணு விடாம எழுதியிருக்கேன். இன்னிக்கோட சேத்து இருவத்தேழு நாளு. இந்தா, இங்க இருந்து.

என்னம்மா? அதுக்கு முன்னாடியா?

... அண்ணாச்சி, இந்தப் பையக் கொஞ்சம் பிடிங்க. நோட்டையும் வச்சுக்கிடுங்க, பரவால்ல, நீங்களே வச்சுக்கிடுங்க.

தெரியாதும்மா. அதுக்கு முன்னாடி அவ சாப்பிட்டு நான் பாத்ததில்ல.